தனி வாளியில் நனைக்க வேண்டிய சேலை

ஜூலை 14, செவ்வாய்

திருப்பூரிலிருந்து போன் வந்தது. முதல் நேர்காணலில் என்னோடு பேசிய ஷைலஜா என்ற பெண்தான். என் மகள் தாரணியைவிட இரண்டு வயது மூத்தவளாக இருக்கலாம். இரண்டாம் சுற்றுக்கு அழைத்திருக்கிறார்கள். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை. எம்.டி.யே பார்க்கிறாராம். மிச்சம் இருப்பது இருவர்: நானும், முப்பதைத் தாண்டிய ஓர் ஆணும்.

கடைசியில் கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னாள்: "மேம், தப்பா நினைச்சுக்காதீங்க. போன தடவை மாதிரி இல்லாம கொஞ்சம் பளிச்சுனு வாங்க. லேபுக்கு ஃபாரின் பையர்ஸ் எல்லாம் வருவாங்க. சார் அதையும் பாப்பாரு."

தப்பாக நினைக்கவில்லை என்றேன். பிறகு பீன்ஸ் நறுக்கும்போது நினைத்தேன்.

வேலை சாயப் பரிசோதனைக்கூடப் பொறுப்பு. ஏற்றுமதிக்குப் போகும் துணி சாயம் போகுமா, சுருங்குமா, வெயிலில் வெளுக்குமா என்று பார்த்து, தேறும் அல்லது தேறாது என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது. எம்.எஸ்சி. வேதியியல் முடித்ததிலிருந்து இங்கே கோயம்புத்தூரில் ஒரு மில்லில் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன், இரண்டு வருடங்களுக்கு முன்பு விடும்வரை. துணியைப் பற்றி எனக்குத் தெரியும். உடுத்துவதைப் பற்றி இதுவரை யாரும் என்னிடம் பேசியதில்லை.

ஆகஸ்ட் ஐந்தாம் தேதி திவசம். தலைத் திவசம் என்பதால் தாரணி பூனாவிலிருந்து வருகிறாள். திரும்பும்போது என்னைக் கூட்டிக்கொண்டு போவதாகவும், இந்த வீட்டை வாடகைக்கு விடுவதாகவும் அவளும் என் அண்ணனும் பேசி முடித்திருக்கிறார்கள். அதற்குள் வேலை கிடைத்தால் இங்கேயே இருக்கலாம் என்பது எனக்குத் தரப்பட்ட சலுகை. நல்ல பெண். எனக்கென்று ஓர் அறை ஒதுக்கி, ஜன்னலுக்குத் திரைகூட மாட்டிப் படம் அனுப்பினாள். நன்றாக இருக்கிறது என்று பதில் போட்டேன். மட்டமான துணி. ஒரு கோடையில் வெளுத்துவிடும்.

ஜூலை 15, புதன்

பீரோவைத் திறந்தேன். கைக்கு எட்டும் தட்டில் இருப்பவை எல்லாம் சாம்பல், காக்கி, சாக்பீஸ் நிறங்கள். முதல் நேர்காணலுக்குக் கட்டியது இவற்றில் ஒன்றுதான். என் தலைமுறையில் யாரும் வெள்ளைச் சேலை கட்டுவதில்லை. கட்டச் சொல்லி யாரும் என்னிடம் சொல்லவும் இல்லை. சாம்பல் நிறம் நானாகத் தேர்ந்தெடுத்தது. காரணம் வசதி. அழுக்குத் தெரியாது.

மேல்தட்டில் பட்டு. பட்டுக் கட்டிக்கொண்டு போனால் அங்கே யாருக்கோ கல்யாணம் என்று நினைப்பார்கள்.

அடித்தட்டில் ஒரு பை இருக்கிறது. அதை எடுக்கவில்லை.

ஜூலை 16, வியாழன்

சிலிண்டர் வந்தது. நாளை ஆடி பிறக்கிறது.

ஜூலை 17, வெள்ளி

அண்ணன் மனைவி பூங்கோதை பல்லடத்திலிருந்து போன் செய்தார். எங்கள் பக்கம் அண்ணன் மனைவியும் நாத்தனாரும் ஒருவரையொருவர் நங்கை என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். திவசத்துக்குச் சமையல் ஆள் பேசியாகிவிட்டது, வடைக்கு எத்தனை பேர் என்று மட்டும் சொன்னால் போதும் என்றார். நேர்காணல் விஷயத்தைச் சொன்னேன். ஆடியிலா என்று கேட்டார். கம்பெனிக்கு ஆடியும் தெரியாது, ஆவணியும் தெரியாது என்றேன்.

"அந்தச் சாம்பக் கலர் சேலைய மட்டும் கட்டீட்டுப் போயறாதீங் நங்கை. மாவு மில்லுல இருந்து வந்தாப்ல இருக்குது."

இரண்டு நாள் இடைவெளியில் இரண்டாவது ஆள். கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

சாயங்காலம் தாரணியிடம் சொன்னேன். சந்தோஷப்பட்டாள். அல்லது அப்படிக் குரலை வைத்துக்கொண்டாள். பேன்ட்டும் நீளமான குர்தியும் போட்டுக்கொள், இப்போது உன் வயதில் எல்லாரும் அதுதான் என்றாள். எதிர்வீட்டுப் பெண் ஒன்று கொடுத்தாள், போட்டுப் பார்த்தேன். கண்ணாடியில் வேறு யாரோ நின்றுகொண்டிருந்தார்கள், பேங்க்கில் கடன் கேட்க வந்தவர்போல. மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

ஜூலை 18, சனி

டவுன்ஹால் பக்கம் போனேன். ஆடித் தள்ளுபடிக் கூட்டம். கடைக்குள் நுழைவதற்கே ஒரு குடும்பத்தின் பின்னால் ஒட்டிக்கொண்டு போக வேண்டியிருந்தது.

அரக்கு நிறத்தில் ஒரு காட்டன் கண்ணில் பட்டது. விரலால் தேய்த்துப் பார்த்தேன், பழக்கம். பார்டர் மெலிதாக, பார்க்க நன்றாகவே இருந்தது. எடுத்துக் காட்டச் சொன்னேன். விற்கும் பெண் என் நெற்றியைப் பார்த்தாள், பிறகு கழுத்தைப் பார்த்தாள். "அக்கா, உங்களுக்கு இந்தப் பக்கம் வாங்க" என்று மிகவும் மரியாதையாக அழைத்துப் போய், வேறொரு மேசையில் பிரித்துக் காட்டினாள். சாம்பல், காக்கி, சாக்பீஸ்.

அவள்மேல் தவறு ஒன்றும் இல்லை. வாடிக்கையாளருக்கு என்ன வேண்டும் என்று பார்த்தவுடன் கண்டுபிடிப்பது அவள் வேலை. நானும் மறுபடி அந்த அரக்கைக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. தலையணை உறை ஒரு ஜோடி வாங்கிக்கொண்டு வந்தேன். வீட்டில் இருக்கும் உறைகளே தேவைக்கு மேல். இப்போது ஒரு தலையணைதான்.

ஜூலை 19, ஞாயிறு

அடித்தட்டுப் பையை எடுத்துப் பிரித்தேன்.

இவை கோடிச் சேலைகள். போன ஆடியில், இந்தக் கூடத்தில், எடுப்பதற்கு முன்பு சொந்தக்காரர்கள் என்மேல் போர்த்தியவை. முதலில் பிறந்த வீட்டுக் கோடி, பிறகு சித்தப்பா வீடு, பெரியம்மா வீடு என்று வரிசையாக. கோடி என்றால் நனைக்காத புதுத்துணி. சாவு வீட்டில் போர்த்துவதால் அந்தச் சொல்லுக்கே ஒரு வாடை வந்துவிட்டது. அதைக் கட்டிக்கொண்டு யாரும் நல்ல காரியத்துக்குப் போவதில்லை. வேலைக்காரிக்குக் கொடுத்தால்கூட வாங்க யோசிப்பாள். எனவே எல்லா வீட்டு பீரோக்களிலும் அடித்தட்டில் ஒரு பை இருக்கிறது.

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. துணி என்பது நூல், சாயம், கஞ்சி. அதற்குமேல் எதுவும் அதில் ஏறியிருந்தால் ஏதாவது ஒரு சோதனையில் தெரிந்திருக்கும்.

பெரும்பாலும் அவசரத்தில் எடுத்த பாலியெஸ்டர். ஒன்று மட்டும் அப்படியில்லை. மயில் கழுத்து நிறத்தில் நல்ல காட்டன், மாம்பழ மஞ்சளில் விரல் அகலக் கரை. பிறந்த வீட்டுக் கோடி இதுதான், நங்கை போர்த்தியது. அன்று நான் நிறத்தைக் கவனிக்கவில்லை. ஒன்றையுமே கவனிக்கவில்லை என்று இப்போது தெரிகிறது. மயில் கழுத்து நிறத்தில் யார் கோடி எடுப்பார்கள்?

விரித்துப் பார்த்தேன். கீழே ஃபால்ஸ் தைத்திருக்கிறது. ரவிக்கைத் துணி இல்லை, கத்தரித்த விளிம்பை மடித்துத் தைத்திருக்கிறார்கள். கோடி எடுப்பவர்கள் கடையிலிருந்து வந்த மடிப்போடு அப்படியே கொண்டுவருவார்கள். ஃபால்ஸ் தைத்துக் கொண்டுவர மாட்டார்கள்.

வெள்ளைக் கைக்குட்டையால் ஓர் ஓரத்தைத் தேய்த்தேன். காய்ந்த கைக்குட்டையில் கறை இல்லை. ஈரக் கைக்குட்டையில் நீலம் இறங்கியது. மில்லாக இருந்தால் தேறாது என்று எழுதியிருப்பேன்.

தோளில் போட்டுப் பார்க்கலாம் என்று கண்ணாடிவரை எடுத்துப் போனேன். போடவில்லை. சுவரில் படத்துக்கு ஆணி அடித்த இடத்தில் காரை பெயர்ந்திருக்கிறது, பூச வேண்டும்.

ஜூலை 20, திங்கள்

நங்கைக்குப் போன் செய்தேன். வடைக்கு எத்தனை பேர் என்று சொல்லிவிட்டு, சாதாரணமாகத்தான் கேட்டேன்: அந்த மயில் கழுத்துச் சேலை எங்கே எடுத்தது என்று. நாளைக்கு நேரில் வருகிறேன் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

காரைக்கு வெள்ளைச் சிமெண்ட் வாங்கினேன்.

ஜூலை 21, செவ்வாய்

காலை பஸ்ஸிலேயே வந்துவிட்டார். கையில் ஒரு பிளாஸ்டிக் கவர். காபி கொடுத்தேன், குடிக்கவில்லை.

"கேக்கறதக் கேட்டுப்போடுங் நங்கை. ராத்திரி பூரா தூக்கமே இல்லீங்."

சேலையை எடுத்து மேசைமேல் வைத்தேன். அவரே சொன்னார்.

அன்றைக்குச் சேதி போனபோது விடியவில்லை. எந்தக் கடையும் திறந்திருக்காது. பிறந்த வீட்டுக் கோடி வராமல் எடுக்கக் கூடாது என்று அண்ணன் பதறியிருக்கிறார். நங்கையிடம் புதிதாக இருந்தது இது ஒன்றுதான். ஆவணியில் அவர்களுடைய புதுவீட்டுக்குப் பால் காய்ச்சுவதாக இருந்தது. அன்றைக்குக் கட்டுவதற்காக ஆசைப்பட்டு எடுத்து, ஃபால்ஸ் தைத்து, ரவிக்கையும் தைத்து வாங்கிவிட்டார். அதைத்தான் அவசரத்தில் பையில் போட்டுக்கொண்டு கிளம்பியிருக்கிறார்.

"பாதி வழியிலதானுங் நெனப்பு வந்துச்சு, ரவிக்கைத் துணிய வெட்டிப்போட்டமேன்னு. உங்க அண்ணங்கிட்டச் சொன்னா வண்டியத் திருப்பீருவாரு. வாயே தொறக்கல. கோடின்னா முழுசா இருக்கோணுமாமுங். வெட்டுனது கோடியே இல்லியாமா. அத்தன சனத்துக்கு மத்தியில உங்க மேல நான் போத்துனது கோடியே இல்லீங் நங்கை. அது குத்தமாயி உங்களுக்கு ஏதாச்சும் ஆயிருமோன்னு ஒரு வருசமாப் பயந்துட்டே கெடக்கறன்."

"இதுக்கு மேல எனக்கு என்னங்க ஆகோணும்?" என்றேன்.

என்னை ஒரு நிமிடம் பார்த்தார். முதலில் அழுதார், பிறகு சிரிப்பு வந்துவிட்டது. அழுகையை நிறுத்தாமலே சிரித்தார். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். காபி ஆறிப்போயிருந்தது, சூடு பண்ணிக் கொடுத்தேன்.

அவர்கள் புதுவீட்டுக்குப் பால் காய்ச்சியது தள்ளிப்போய்த் தை மாதத்தில் நடந்தது. நான் போய்ப் பின்வரிசையில் நின்றுவிட்டு வந்தேன். நங்கை அன்று தன் பழைய கல்யாணப் பட்டைக் கட்டியிருந்தார். அண்ணன் அப்படியொன்றும் கஞ்சன் இல்லையே என்று அப்போது நினைத்தது ஞாபகம் வருகிறது.

"அப்ப இது கோடி இல்லைன்னா, என்ன சேலைங்க?"

"என்ற சேலைதானுங்" என்றார்.

கவரிலிருந்து ரவிக்கையை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். மாம்பழ மஞ்சள். ஒரு தடவைகூடப் போடாதது. "சனியன், இதப் பாக்கறப்பெல்லாம் எனக்குத் திக்குங்குது. நீங்களே வெச்சுக்கங்க. நான் கொஞ்சம் பெருத்தவ, ரெண்டு பக்கமும் புடிச்சீங்கன்னா உங்களுக்குச் சரியாப் போயிரும்."

அவர் போன பிறகு வெகுநேரம் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். அது கோடி இல்லை என்று தெரிந்ததும் எனக்குள் ஏதோ ஒன்று இறங்கி உட்கார்ந்தது. அதைக் கவனித்தேன். கவனித்ததும் எரிச்சலாக வந்தது. நம்பிக்கை இல்லாதவளுக்கு இதில் நிம்மதிப்பட என்ன இருக்கிறது? நேற்றிருந்த அதே நூல், அதே சாயம்.

ஆனால் நிம்மதியாகத்தான் இருக்கிறது. வேறு எழுதினால் பொய்.

ஜூலை 22, புதன்

கல்லுப்பு போட்டுத் தனி வாளியில் நனைத்தேன். தண்ணீர் எழுதும் மை மாதிரி ஆனது. இரண்டு முறை மாற்றினேன். கஞ்சியில் முக்கி நிழலில் உலர்த்தினேன்.

எதிர்வீட்டுப் பெண் மாடியில் பார்த்துவிட்டு, புதுசா ஆன்ட்டி என்று கேட்டாள். என் நங்கையுடையது என்றேன்.

ஜூலை 23, வியாழன்

ரவிக்கையின் இரண்டு பக்கமும் தையல் பிடித்தேன். கை அளவு அப்படியே பொருந்துகிறது. இஸ்திரி போட்டாயிற்று. சுவரைப் பூசினேன், கொஞ்சம் புடைத்துக்கொண்டு நிற்கிறது.

அவருக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது. ஆய்வுக்கூடத்தில் நாள் முழுவதும் நிறத்தோடு மல்லுக்கட்டுகிறவளுக்கு வாய்த்த மாப்பிள்ளையைப் பார் என்று மில்லில் கேலி பேசுவார்கள். ஒரு பிறந்தநாளுக்கு அடக்கமான பழுப்பு என்று சொல்லி எனக்குக் கிளிப்பச்சையில் சேலை எடுத்து வந்தார். தினமும் ஆபீஸ் கிளம்பும்போது சட்டையைக் காட்டி, இது என்ன நிறம் என்று கேட்பார். நான் சொல்வதைத்தான் நம்புவார். ஓரிரு முறை வேண்டுமென்றே மாற்றிச் சொல்லியிருக்கிறேன்.

நீலம் மட்டும் அவருக்கு நன்றாகத் தெரியும்.

தாரணி வாழ்த்துச் சொல்லிப் பேசினாள். என்ன கட்டுகிறாய் என்று கேட்டாள். ஒரு காட்டன் என்றேன்.

ஜூலை 24, வெள்ளி

காந்திபுரத்தில் பஸ் ஏறி, சொன்ன நேரத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்தேன். வரவேற்பறையில் அந்த இன்னொருவரும் இருந்தார். கறுப்புக் கோட்டு, டை. இந்த வெயிலில் பாவம். எனக்கு எழுந்து இடம் கொடுத்தார். அவருக்குக் கிடைக்காமல் போவது பற்றி ஒரு கணம் வருத்தமாக இருந்தது. பிறகு எனக்குக் கிடைக்காமல் போவது பற்றி யோசித்தேன். பூனாவின் ஜன்னல் திரை கண்முன் வந்தது.

எம்.டி.க்கு அறுபது இருக்கும். பளிச்சென்று வர வேண்டும் என்று எதிர்பார்ப்பவர், கழுத்துப் பட்டியில் லேபிள் கிழித்த டி-ஷர்ட் போட்டிருந்தார். பையர் திருப்பி அனுப்பிய சரக்காக இருக்க வேண்டும், ஒரு தோள் தையல் ஏறியிருந்தது. நான் என்ன கட்டியிருக்கிறேன் என்று அவர் பார்த்ததாகவே தெரியவில்லை. பத்து நாள் கவலை இதற்குத்தானா என்று உள்ளுக்குள் சிரிப்பு வந்தது. ஷைலஜா மட்டும் நான் உள்ளே வந்ததும் புருவத்தை உயர்த்தி, நன்றாக இருக்கிறது என்று தலையாட்டினாள்.

முதலில் மில்லைப் பற்றி, இயந்திரங்களைப் பற்றிக் கேட்டார். பிறகு நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

"கண்டெய்னர் வாசல்ல நிக்குது. நீங்க தேறாதுங்கறீங்க. போட்டுக் குடுங்மா, நான் பாத்துக்கறேங்கறன். என்ன பண்ணுவீங்?"

"தேறாதுன்னுதான் எழுதுவேன் சார். அனுப்பித்தான் ஆகணும்னா, கீழ நீங்க கையெழுத்துப் போட்டு அனுப்பிக்கலாம்."

அவர் ஷைலஜாவைப் பார்த்தார். ஷைலஜா லேப்டாப்பைப் பார்த்தாள்.

"செரி. ரெண்டு வருசம் ஏனுங் சும்மா இருந்தீங்?"

குடும்பக் காரணம் என்று சொல்லத் தயாராகப் போயிருந்தேன். முதல் நேர்காணலில் அதைத்தான் சொன்னேன், அதோடு முடிந்தது. இன்று வாயில் வேறு வந்தது.

"சும்மா இல்லைங்க. என் வீட்டுக்காரருக்கு உடம்பு சரியில்லாம இருந்தது. கூட இருந்து பாத்துக்கிட்டேன். போன ஆடியில இறந்துட்டார்."

இந்த வாக்கியத்தை இதற்கு முன் நான் யாரிடமும் சொன்னதில்லை. எல்லாருக்கும் முன்பே தெரிந்திருந்தது, சொல்ல வேண்டி வரவில்லை. இதிலும் எழுதியதில்லை என்று இப்போது புரட்டிப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

எம்.டி. தண்ணீர் டம்ளரை என் பக்கம் நகர்த்திவைத்தார். அப்போதுதான் முதல்முறையாக என் சேலையைப் பார்த்தார், தொழில்காரர் பார்க்கிற மாதிரி.

"நல்ல நெறமுங். சாயம் நிக்குமா?"

"நிக்காதுங்க. காஞ்ச உரசலுக்குத் தேறும். ஈரத்துக்குத் தேறாது. உப்புத் தண்ணியில அலசின பிறகும் இறங்குது."

"தெரிஞ்சும் ஏம்மா கட்டீட்டு வந்தீங்?"

"பையருக்குன்னா அனுப்ப மாட்டேன் சார். எனக்குன்னா கட்டிக்குவேன்."

சிரித்துவிட்டார். தோள் தையல் இன்னும் கொஞ்சம் ஏறியது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நிற்கத்தான் இடம் கிடைத்தது. நல்ல புழுக்கம். வீட்டுக்கு வந்து அவிழ்த்துப் பார்த்தால், வெள்ளை உள்பாவாடையின் நாடாவைச் சுற்றி நீலம். இடுப்பிலும் ஒரு வளையம். சோப்புப் போட்டுத் தேய்க்கவில்லை. தானாகப் போகும்.

ஜூலை 27, திங்கள்

ஷைலஜா பேசினாள். வேலை எனக்குத்தான். ஆடியிலேயே சேருகிறீர்களா, அல்லது ஆவணி பிறக்கட்டுமா என்று சார் கேட்கச் சொன்னாராம். கம்பெனிக்கு ஆடி தெரிந்திருக்கிறது. எனக்குப் பிரச்சினை இல்லை, ஆகஸ்ட் பத்தாம் தேதி வருகிறேன் என்றேன்.

தாரணியிடம் சொன்னேன். "அப்ப அந்த ரூம்?" என்றாள். நான் லீவுக்கு வரும்போது தங்கிக்கொள்கிறேன், அதற்குள் அந்தத் திரையை மட்டும் மாற்று என்றேன். "உனக்குப் பிடிக்கலைன்னு அப்பவே தெரியும்மா" என்றாள்.

ஆகஸ்ட் 5, புதன்

திவசம் நடந்தது. வடை பத்தவில்லை.

ஆகஸ்ட் 9, ஞாயிறு

சாயங்கால ரயிலில் தாரணி கிளம்பினாள். நாளைக்கு நான் வேலைக்குப் போக வேண்டும் என்பதால் காலையிலிருந்து எனக்காக வீட்டைத் துடைத்து, துணியெல்லாம் மெஷினில் போட்டுக்கொண்டிருந்தாள். நாற்காலியில் கிடந்த மயில் கழுத்துச் சேலையைக் கையில் எடுத்ததும் நின்றுவிட்டாள்.

"அம்மா, இது மாமா வீட்டுக் கோடியில்ல?"

"இல்ல. உங்க அத்தை சேலை."

என் முகத்தைப் பார்த்தாள். அப்படியே மெஷினுக்குள் போடப் போனாள்.

"அதை அதுல போடாத. அதுக்கு இன்னும் தனி வாளி வேணும்."

அவளை ஸ்டேஷனில் விட்டுவிட்டு வந்து நானே நனைத்தேன். தண்ணீரில் நீலம் இறங்கியது. போன தடவையைவிடக் குறைவு.